பொட்டின் பின்புறம் இருந்த பசை

ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு குடும்பத்தைப் பற்றி நான் பொய் சொன்னேன். பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் அம்மா நெற்றியில் வெள்ளையாக ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு, "அது வெண்குஷ்டம், பரம்பரையா வரும்" என்று கல்யாணத் தரகர் காதில் விழும்படி சொன்னேன். அது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் எடுத்தவன் நான். திருவண்ணாமலைக் கடைத்தெருவில் நடந்தால் இன்றைக்கும் யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி "கெமிஸ்ட்ரி சார்" என்று கூப்பிடாமல் இருப்பதில்லை. பால் பாக்கெட்டில் யூரியா கலக்கிறார்களா என்பதிலிருந்து எந்தப் பற்பசை நல்லது என்பது வரைக்கும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்லும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

அந்த வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை மேலேயே இருந்தது. முன்பக்கம் ஒரு பேன்சி ஸ்டோர், பின்பக்கம் குடித்தனம். வளையல், கிளிப், ரிப்பன், அட்டை அட்டையாக ஸ்டிக்கர் பொட்டு, சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட். பௌர்ணமிக்கு வெளியே ஒரு மேசை போட்டுக்கொள்வார்களாம். கணவர் காலமான பிறகு அந்த அம்மாள்தான் கடையைப் பார்த்துக்கொண்டு மகளை பார்மசி படிக்க வைத்திருந்தார். நானும் என் மனைவியும் தரகரும் போயிருந்தோம். மகன் பெங்களூரில் வேலையாக இருந்தான். போட்டோவைப் பார்த்துவிட்டு "எனக்கு ஓகேப்பா" என்று சொல்லியிருந்தான். என் மனைவிக்கும் பெண்ணைப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் அந்தக் கடை பிடிக்கவில்லை. சம்பந்தி யார் என்று கேட்டால் என்ன சொல்வது? வளையல் கடை என்றா? இதை யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் வேறு ஒரு காரணம், மறுபேச்சுக்கு இடமில்லாத ஒன்றாக, எனக்குத் தேவைப்பட்டது.

நல்ல வெயில் காலம். அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்போது வியர்வையில், கணவர் போன பிறகும் அவர் விடாத நெற்றிக் குங்குமம் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. குங்குமம் விலகிய இடத்தில் தோல் வெள்ளையாக இருந்தது. வட்டமாக, விளிம்பு கூர்மையாக. அந்த வட்டம் எவ்வளவு ஒழுங்காக இருந்தது என்பதை அன்றைக்கே நான் கவனித்தேன். ஏன் அப்படி என்று யோசிக்கத்தான் இல்லை.

திரும்பி வரும்போது காரில் என் மனைவி, "பொண்ணு நல்லா பதிலுக்குப் பதில் பேசறா. நம்ம வீட்டுக்கு ஒருத்தி அப்படி வேணும்" என்றாள்.

"அம்மா நெத்தியப் பாத்தியா?" என்றேன்.

"இன்னா நெத்தி?"

"வெண்குஷ்டம். மறைக்கத்தான் அவ்ளோ பெருசா பொட்டு. ஜீன்ல வரும் அது."

முன் சீட்டில் இருந்த தரகர் முழுசாகத் திரும்பிவிட்டார். "அப்படியா சார்? நான் கவனிக்கவே இல்லியே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்தச் சொல்லைத் தெரிந்தேதான் எடுத்தேன். வெண்புள்ளி என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் 'வெண்புள்ளி' என்றால் தரகர் திரும்பியிருக்க மாட்டார். குஷ்டம் என்ற நான்கெழுத்துதான் அவரைத் திருப்பியது.

சில மாதம் கழித்து அதே தரகர் என்னைப் பாராட்டினார். "உங்க புண்ணியத்துல ரெண்டு குடும்பம் தப்பிச்சது சார். அந்த அடி அண்ணாமலைப் பொண்ணைப் பாக்க வரேன்னாங்க. நான் விஷயத்தைச் சொல்லிட்டேன். கெமிஸ்ட்ரி சாரே சொன்னார்னு சொன்னேன், அப்புறம் மூச்சு விடல." நான் அவருக்கு டீ சொன்னேன். மகனுக்கு வேலூர்ப் பக்கத்தில் பெண் அமைந்து கல்யாணமும் முடிந்துவிட்டது.

இனி என் மனைவியின் நெற்றிக்கு வருகிறேன்.

அவள் வெகு காலம் குங்குமம் வைத்தவள். மூக்குக் கண்ணாடி போட ஆரம்பித்த பிறகு குங்குமம் கண்ணாடி மேல் உதிர்கிறது என்று ஸ்டிக்கருக்கு மாறினாள். மெரூன் நிறம், நடுத்தர வட்டம். அதை மாற்றவே மாட்டாள். ராத்திரி எடுப்பதும் இல்லை. காலையில் குளிக்கும்போது எடுத்துக் குளியலறை டைல்ஸில் ஒட்டிவிட்டு, குளித்து முடித்ததும் அதே பொட்டை எடுத்து அதே இடத்தில் வைத்துக்கொள்வாள். பசை போகும் வரைக்கும் ஒரே பொட்டு. பசை போனவை சுவரிலேயே தங்கிவிடும். எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய்க்கு மேலே மெரூன் நிறத்தில் ஒரு கூட்டமே உண்டு.

போன வருடம் ஒருநாள் காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது நெற்றியில் சோப்பு நுரை ஒட்டியிருப்பதாக நினைத்து, துண்டின் நுனியால் துடைத்துவிடப் போனேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். அப்போதும் போகவில்லை. சுவரில் இருந்த பொட்டை எடுத்து அந்த இடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக மூடிக்கொண்டது. அவள் பொட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

பிறகு, "இது ஜீன்ல வருமாங்க?" என்றாள்.

நான் துண்டை மடித்தேன்.

"இல்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான். பையன் மாமனார் வீட்ல இப்பவே சொல்லிடலாமா? இல்ல தரகரை விட்டுச் சொல்லச் சொல்லலாமா?"

நாற்பது வருடத்தில் அவள் என்னை அவ்வளவு அழகாக அறைந்ததில்லை.

தோல் டாக்டர் ஒரு பெண். என் மனைவியின் நெற்றியை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பொட்டு வைக்கிறீங்க?" இரண்டாவது, "ராத்திரி எடுக்கறீங்களா?" மூன்றாவது, "கால்ல செருப்பு வார் படற எடத்துல இந்த மாதிரி இருக்கா?" பரம்பரையைப் பற்றிக் கேட்டது கடைசியில்தான். உடம்பு முழுக்க வேறெங்காவது இருக்கிறதா என்று நர்ஸை விட்டும் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இது பெரும்பாலும் பசையால வந்தது. ஸ்டிக்கர், செருப்பு ஒட்டறதுக்குப் போடற பிசின்ல ஒரு கெமிக்கல் சில சமயம் இருக்கும். நிறம் தர்ற செல்லை அது அழிச்சிடும். ஸ்டிக்கரை இன்னையோட விட்டுடுங்க. நிறம் திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம். ரொம்பச் சிலருக்கு வேற எடத்துலயும் பரவும்."

"லட்சம் பேர் வைக்கறாங்களே டாக்டர், எல்லாருக்கும் வரலியே?" என்றேன்.

"அதான் சார் எங்களுக்கும் முழுசாத் தெரியல" என்றார்.

எங்களுக்கும் முழுசாகத் தெரியவில்லை. இந்த வாக்கியத்தை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கெமிக்கலின் பெயரையும் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருந்தார். பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பு இல்லை. பீனாலை எத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்! ஆறு மூலை வளையம், ஒரு மூலையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். நேர் எதிர் மூலையில் ஒரு பியூட்டைல் தொகுதியை மாட்டினால் இந்தச் சரக்கு. பிசின் தயாரிக்க இதைப் பயன்படுத்துவார்கள் என்பது கூடப் பாடத்தில் ஒரு வரியாக வரும். மாணவர்கள் அந்த வரியை அடிக்கோடிடுவார்கள். அந்தப் பிசின் யார் நெற்றியில் போய் உட்காருகிறது என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. நம் தோலுக்கு நிறம் தரும் செல்கள் டைரோசின் என்ற பொருளை வைத்துத்தான் கருப்பு நிறமியைச் செய்கின்றன. டைரோசினை வரைந்து பாருங்கள். அதுவும் ஆறு மூலை வளையம்தான். ஒரு மூலையில் அதே ஆக்சிஜன், எதிர் மூலையில் வேறு ஏதோ ஒரு வால். பசையில் இருந்து வரும் அந்நியனும் பார்க்க அப்படியே இருக்கிறான். செல் தன் மூலப்பொருள்தான் வந்திருக்கிறது என்று நம்பி அவனை உள்ளே எடுத்து வேலையைத் தொடங்குகிறது. நடுவில் விஷமாகி, செல்லே செத்துப்போகிறது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து என் மனைவியிடம் காட்டினேன். "பாரு, எவ்வளவு அச்சு அசலா இருக்கு!" என்றேன்.

"என் நெத்தியில உக்காந்து பாடம் எடுக்காதீங்க" என்றாள்.

ஆனாலும் என்னால் நிறுத்த முடியவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த எல்லா டப்பாவையும் படித்தேன். சோப்பு, ஷாம்பு, பவுடர், ஷேவிங் கிரீம், நான் நரைத்த தலைக்குப் போடும் மை. என் தலை மையில் ஒன்றரை அங்குல எச்சரிக்கை எறும்பு எழுத்தில் இருந்தது. பத்து வருடமாகப் போடுகிறேன், ஒரு தடவை கூடப் படித்ததில்லை. சோப்பு உறையில் பத்துப் பதினைந்து பெயர்கள். நடுவில் 'வாசனை' என்று ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பொட்டு அட்டையில் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. மேலே ஒரு அம்மன் படம், கீழே 'ஹெர்பல்' என்று பச்சை எழுத்து. அவ்வளவுதான்.

சோதனை செய்துதான் பார்ப்போமே என்று கடைத்தெருவில் ஐந்து விதமான பொட்டு அட்டை வாங்கினேன். இடது முன்கையின் உள்பக்கம் ஐந்தையும் வரிசையாக ஒட்டிக்கொண்டேன். எது எது என்று பேனாவால் பக்கத்தில் எண் போட்டேன். மூன்று வாரம் குளிக்கும்போது மட்டும் எடுப்பது, பிறகு திரும்ப ஒட்டுவது. செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் முதல் நாளே பார்த்துவிட்டார்கள்.

"இன்னா சார், வேண்டுதலா?" என்றார் டீ மாஸ்டர்.

"ஆராய்ச்சிப்பா."

"ஒண்ணு நெத்தியிலயும் வெச்சுக்கிட்டா லட்சணமா இருக்கும் சார்."

பக்கத்து மேசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அதை ஏதோ சாமி விஷயம் என்று நினைத்துக் கும்பிட்டாள். மூன்று வாரம் கழித்து என் கையில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் எண் மட்டும் கொஞ்சம் அரித்தது. ஒரு கிழவனின் ஒரு கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதுதான் முடிவு. மாணவன் இப்படி ஒரு சோதனையை எழுதிக்கொண்டு வந்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். ஒரே ஒரு நெற்றியை ஒரே ஒரு தடவை, அதுவும் அரை நிமிஷம் பார்த்துவிட்டு நான் காரில் அறிவித்த முடிவுக்கு என்ன மதிப்பெண் போடுவது?

அந்த நாட்களில் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை கிரிவலப் பாதையில் நடந்தேன். வழக்கமாக நான் மலையைப் பார்த்துக்கொண்டு நடப்பவன். அன்று கீழே பார்த்தபடி நடந்தேன். தண்ணீர்க் குழாய் இருக்கும் இடங்களில் எல்லாம் கிழிந்த ஷாம்பு பாக்கெட்டுகள். மூலை கிழிக்கப்பட்ட அந்தச் சின்னத் துண்டுகள் இன்னும் அதிகம்; துப்புரவுக்காரர்களின் துடைப்பத்துக்கும் சிக்காது. ஓடை மாதிரி போகும் கால்வாயில் வெள்ளை நுரை ஓரம் ஒதுங்கி நின்றது. ஒரு மாடு அதில் வாய் வைத்துவிட்டுத் தலையை ஆட்டியது. நுரை வந்தால் அழுக்கு போகிறது என்று நாம் நினைக்கிறோம். அழுக்கு போவதற்கு நுரை தேவையே இல்லை என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் நுரை எங்கே போகிறது என்று நடத்தியதில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைச் சுவரில் இருந்த பொட்டுகளைக் கத்தியால் சுரண்டினேன். தண்ணீர் விட்டால் நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டேன். டப்பாவை என்ன செய்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இதற்கு நடுவில் டாக்டர் எழுதிய ஆயின்மென்ட் தீர்ந்துபோனது. வழக்கமாக வாங்கும் மெடிக்கலில் இல்லை என்றார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரிய மெடிக்கலுக்குப் போனேன். கவுன்டரில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் சீட்டை வாங்கிப் படித்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி சீட்டைப் படித்தாள். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. அடி அண்ணாமலைப் பெண்.

"யாருக்கு சார் இது?" என்றாள்.

"என் மனைவிக்கு."

"நெத்தியா?"

தலையசைத்தேன்.

"கண்ணுல படாம மெலிசா தடவச் சொல்லுங்க. போட்டுட்டு வெயில்ல போக வேண்டாம்." மருந்தை எடுத்து வைத்தாள். பிறகு அதே குரலில், "எங்க அம்மாவும் இதைத்தான் போட்டாங்க. அவங்களுக்கும் ஸ்டிக்கர்தான் சார். புது அட்டை வந்தா அவங்க நெத்தியில வெச்சுத்தான் கஸ்டமருக்குக் காட்டுவாங்க."

"எப்பம்மா தெரிஞ்சது?"

"நீங்க எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே. டாக்டர் சொல்லி ஸ்டிக்கரை நிறுத்தி குங்குமத்துக்கு மாறியிருந்தாங்க. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

எனக்குப் பின்னால் ஒருவர் இருமல் மருந்து கேட்டார். நான் ஒதுங்கி நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலைக்குப் போனேன். என் மனைவியும் வந்தாள். "நீங்க பாட்டுக்கு அங்க போய் டைரோசின்னு ஆரம்பிப்பீங்க" என்றாள். நெற்றியில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் வந்தாள்.

அந்த அம்மாள் கடையில்தான் இருந்தார். நெற்றியில் அந்த இடம் இன்னும் இருந்தது. கொஞ்சம் சின்னதாகியிருந்தது, நடுவில் பழுப்பாக இரண்டு மூன்று புள்ளிகள் வந்திருந்தன. ஆட்டோவை விட்டு இறங்கிய எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பிறகு என் மனைவியின் நெற்றியைப் பார்த்தார். அதற்கப்புறம்தான், "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. காரில் சொன்னதை அப்படியே சொன்னேன். கடையைப் பிடிக்காமல்தான் சொன்னேன் என்பதையும் சொன்னேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்கும் புதுச் செய்தி.

அந்த அம்மாள் பதில் சொல்லும் முன்னால் இரண்டு பெண்கள் கடைக்கு வந்து கல் வைத்த ஸ்டிக்கர் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தார். "தூங்கும்போது எடுத்துடுங்கம்மா. ஒரே எடத்துல வைக்காதீங்க. அரிச்சா அன்னிக்கே நிறுத்திடணும்" என்றார். அதில் ஒருத்தி, "இன்னா ஆன்ட்டி, பொட்டுக்கு மருந்துச் சீட்டு மாதிரி சொல்றீங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

"இன்னும் விக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"இது தொங்கலன்னா கடைக்குள்ள யாரு சார் வர்றது? சொல்லித்தான் விக்கறேன். கேக்கறவங்க கேக்கறாங்க."

"நான் வேணா தெளிவா ஒரு தாள்ல எழுதித் தரேன். கடையில ஒட்டுங்க."

"ஒட்டறதுக்கும் பசைதானே வேணும்" என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

மகள் உள்ளே இருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "இப்ப இன்னா செய்யப் போறீங்க சார்?" என்றாள்.

தரகரிடமும் அந்த இரண்டு வீடுகளிலும் போய்ச் சொல்லப் போவதாகச் சொன்னேன். "அது பரம்பரை வியாதி இல்ல, வெறும் பசைன்னு சொல்லிடறேன்."

"அப்போ பரம்பரையா இருந்திருந்தா, நீங்க சொன்னது சரியா?"

நான் தொங்கிக்கொண்டிருந்த பொட்டு அட்டைகளைப் பார்த்தேன்.

"என்கூட படிச்ச பொண்ணு ஒருத்திக்கு நெஜமாவே வெண்புள்ளி இருக்கு. கை, கழுத்து எல்லாம். அவ எந்த ஸ்டிக்கரும் வைக்கல. அவ வீட்டுக்கும் யாராவது வந்து பாத்துட்டு கார்ல பேசிக்கிட்டுப் போவாங்கல்ல? அவங்களுக்கு யாரு சார் போய் பசைன்னு சொல்றது?"

"விடுடி" என்றார் அம்மா.

"நான் கேக்கத்தான்மா செய்றேன்."

தரகரிடம் போனேன். இந்தத் தடவை இரண்டையும் சொன்னேன். அது பசையால் வந்தது என்றும், வெண்புள்ளியாகவே இருந்தாலும் அது ஒட்டாது, அதை வைத்து ஒரு பெண்ணை ஒதுக்கியிருக்கக் கூடாது என்றும். தரகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பொண்ணு இன்னும் ப்ரீயாத்தான் இருக்கா சார்?" என்று நோட்டைத் திறந்தார். இரண்டு வீட்டில் ஒன்று ஊரை விட்டே போய்விட்டது. இன்னொரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். "எங்க பையனுக்குப் பொறந்த பொண்ணு ஸ்கூலுக்கே போவுது சார். அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் அந்தப் பெரியவர். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "ஆனா நாங்க உங்க பேச்சைத்தான் நம்பினோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நான் இப்படி அலைவது ஊரில் தெரிந்தது. என் மனைவி நெற்றியை மூடாமல் மார்க்கெட்டுக்குப் போவதும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். டீக் கடையில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதை நானே கேட்டேன்: "கெமிஸ்ட்ரி சார் வீட்ல வந்துடுச்சாம். அதான் பசை பசைனு சொல்லிக்கினு இருக்காரு." என் வாழ்க்கையில் நான் அத்தனை நிச்சயமாக, அத்தனை படித்துவிட்டு எதையும் சொன்னதில்லை. அதைத்தான் யாரும் நம்பவில்லை.

போன தை மாதத்தில் போளூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மகனுக்கு அடி அண்ணாமலைப் பெண்ணைக் கேட்டிருக்கிறார்களாம். தரகர் பழையதையும் புதியதையும் சேர்த்துச் சொல்லி, சந்தேகம் இருந்தால் சாரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். பெண்ணைப் பார்க்கப் போகும் வழியில் இறங்கியிருந்தார்கள்.

"நீங்க படிச்சவங்க. உண்மையைச் சொல்லுங்க சார்" என்றார் கணவர்.

உண்மையைச் சொன்னேன். பசை, பீனால், செல், எல்லாம். பரம்பரையாகவே இருந்தாலும் அது குறை இல்லை என்றும் சொன்னேன். நன்றாகவே சொன்னதாக நினைத்தேன். அப்போது என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். குனிந்து டம்ளரை வைத்தாள். போளூர் அம்மாள் அவள் நெற்றியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். தண்ணீரைத் தொடவில்லை.

"எங்களுக்கு இன்னொரு வேலை இருக்கு சார்" என்று எழுந்தார்கள். அவர்கள் வண்டி தெருமுனையில் அடி அண்ணாமலைப் பக்கம் திரும்பவில்லை. போளூர் ரோட்டுப் பக்கம் திரும்பியது. என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் அவற்றை அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினாள்.

மறுநாள் மெடிக்கலுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவளும் அம்மாவும் முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் பஜ்ஜி மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம். போளூர்க்காரர்கள் போனை எடுக்கவில்லையாம். ஏன் வரவில்லை என்று என் மூலம்தான் தெரிந்தது.

"நான் சரியாத்தாம்மா சொன்னேன்" என்றேன். அதைச் சொன்னதும் எனக்கே என்னவோ போல் இருந்தது.

அவள் கையில் இருந்த மாத்திரை அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டாள். "அந்த மாதிரி வீடு வராம போனதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல சார். ஆனா அவங்க வேணாம்னு நான் சொல்லியிருக்கணும். அவங்க எங்க வீட்டுக்கு வந்து, எங்க அம்மா நெத்தியப் பாத்து, எங்க அம்மாகிட்டயே கேட்டு, அப்புறம் நான் சொல்லியிருக்கணும். முன்னயும் உங்ககிட்ட கேட்டுட்டுப் போனாங்க. இப்பவும் உங்ககிட்டயே கேட்டுட்டுப் போறாங்க."

"இனிமே என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க சார். யாராவது கேட்டா எனக்குத் தெரியாது, அவங்களைப் போய்க் கேளுங்கன்னு சொல்லுங்க. அது போதும்."

தரகருக்கு அன்றே போன் செய்து, இனி யாரையும் என்னிடம் அனுப்ப வேண்டாம் என்றேன். அப்படியும் ஒரு தடவை அனுப்பினார். வந்தவர்களிடம் எனக்குத் தெரியாது என்றேன். கெமிஸ்ட்ரி சார் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு அவர்களுக்கு ஆச்சரியம். அடி அண்ணாமலைக் கடைக்குப் போகும் வழியை மட்டும் காட்டினேன். போனார்களா, கேட்டார்களா, அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றைக்கும் ஆவலாகத்தான் இருக்கிறது. ஆயின்மென்ட் வாங்கப் போகும்போதெல்லாம் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வரும். சீட்டை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.